காலி இருக்கையின் விலை



தோற்கிற அணியைப் பார்க்க யார் வருவார்கள் என்று கேட்காத கிளப் நிர்வாகி உலகத்தில் இல்லை. கேள்வி போலத் தெரிந்தாலும் அது ஒரு சமாதானம்தான். அணி ஜெயிக்க ஆரம்பித்தால் கேலரி தானாக நிரம்பும், அதுவரை நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார அது வசதி செய்து தருகிறது. அந்தச் சமாதானம் செல்லாது என்று இந்த அவையில் வழக்காட வந்திருக்கிறேன். கூட்டம் வருவதும் வராததும் பெருமளவுக்கு நிர்வாகம் எடுக்கும் முடிவு. அதிலும் டிக்கெட்டுக்கு என்ன விலை வைக்கிறோம், அதை எந்த மாதத்தில் விற்கிறோம் என்ற முடிவு. இதற்குச் சாட்சியாக மான்செஸ்டர் யுனைடெட்டையோ பார்சிலோனாவையோ நான் கூப்பிடப் போவதில்லை. இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயரில், கம்பளி ஆலைகளால் வாழ்ந்து அந்த ஆலைகள் மூடியதும் தளர்ந்துபோன ஒரு நகரத்தின் கிளப்பைக் கூப்பிடுகிறேன். அதன் பெயர் பிராட்ஃபோர்ட் சிட்டி.

இது பெருமை இல்லாத கிளப் அல்ல. 1911இல் எஃப்.ஏ. கோப்பைக்குப் புதிதாக ஒரு கிண்ணம் செய்தார்கள். அதைச் செய்தது பிராட்ஃபோர்டின் ஃபட்டோரினி நிறுவனம். அதை முதலில் வென்றதும் பிராட்ஃபோர்ட் சிட்டி. ஊரில் செய்த கிண்ணம் அதே ஆண்டில் ஊருக்கே திரும்பி வந்தது. அப்புறம் நெடுங்காலம் சொல்லிக்கொள்ள அதிகமில்லை. 1985 மே 11 அன்று, மூன்றாம் டிவிஷன் பட்டம் வென்ற மகிழ்ச்சியில் ஊர் திரண்டிருந்தபோது, வேலி பரேடு மைதானத்தின் பழைய மரக் கேலரி தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். மைதானம் திரும்பக் கட்டப்பட்டது. 1999இல் பிரீமியர் லீக்கில் நுழைந்தார்கள். இரண்டே ஆண்டில் இறங்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் இத்தாலியர் பெனிட்டோ கார்போனேவுக்கு வாரம் 40 ஆயிரம் பவுண்டு சம்பளம் பேசியதை இன்றும் அந்த ஊரில் பெருமூச்சோடுதான் சொல்கிறார்கள். கடன் கழுத்தை நெரித்தது. 2002இலும் 2004இலும் கிளப் திவால் நடைமுறைக்குள் போனது. 2003இல் மைதானத்தையே அப்போதைய தலைவரின் ஓய்வூதிய நிதிக்கு விற்றுவிட்டு, சொந்த வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் நிலைக்கு வந்தார்கள். 2007இல் நான்காம் அடுக்கு. பிரீமியர் லீக்கிலிருந்து அங்கே விழ ஆறே ஆண்டு போதுமாயிருந்தது.

இந்த நிலையில் எந்த நிர்வாகியும் என்ன செய்வார்? வருமானம் குறைகிறது, ஆகவே டிக்கெட் விலையைக் கொஞ்சம் ஏற்றுவார். அல்லது பயந்துகொண்டு பழைய விலையிலேயே நிற்பார். பிராட்ஃபோர்ட் மாறாக விலையைக் குறைத்து, 2007-08 ஆண்டுக்கு 138 பவுண்டுக்கு சீசன் டிக்கெட் விற்றது. சொந்த மைதானத்தில் 23 லீக் ஆட்டங்கள். வகுத்துப் பாருங்கள், ஆட்டத்துக்கு ஆறு பவுண்டு. 12 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாங்கினார்கள். ஒரு படி மேலே ஆடிய முந்தைய ஆண்டில் ஒன்பதாயிரத்தைத் தொடாத சராசரிக் கூட்டம், ஒரு படி கீழே விழுந்த ஆண்டில் 13 ஆயிரத்தைத் தாண்டியது. அணி கீழே போகிறது, கூட்டம் மேலே போகிறது. நம் சமாதானத்துக்கு விழுந்த முதல் அடி இது. ஓராண்டு அதிசயம் என்று ஒதுக்க முடியாதபடி அடுத்த ஆண்டுகளும் சாட்சி சொல்கின்றன. 2013 வரை ஆறு சீசன் அவர்கள் நான்காம் அடுக்கிலேயே கிடந்தார்கள். 2015-16இல், மூன்றாம் அடுக்கில் ஆடும்போது, 149 பவுண்டு விலையில் 18 ஆயிரம் சீசன் டிக்கெட்டுக்கு மேல் விற்றார்கள். 2019இல் மறுபடி விழுந்து, 2025 வரை இன்னும் ஆறு சீசன் அதே நான்காம் அடுக்கு. பல கிளப்புகள் நான்காயிரம், ஐயாயிரம் பேரோடு ஆடிக்கொண்டிருந்த லீக்கில் இவர்களுக்கு மட்டும் 14 ஆயிரம், 17 ஆயிரம் என்று கூட்டம். 18 சீசன்களில் 12 சீசன் அடித்தட்டில் கழித்த கிளப்புக்கு, வெற்றி கூட்டம் சேர்த்தது என்று எந்தக் கணக்கிலும் சொல்ல முடியாது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பேருந்து நிலையத்தை விட்டுக் கிளம்பிய பேருந்தின் காலி இருக்கையை நாளைக்கு யாருக்கும் விற்க முடியாது. நடுவர் விசில் ஊதிய பிறகு கேலரியின் காலி இருக்கையும் அப்படித்தான். ஆனால் செலவு காலி இருக்கைக்காகக் காத்திருப்பதில்லை. வீரர்களின் சம்பளம், மின்விளக்கு, புல்தரை, பிராட்ஃபோர்டின் விஷயத்தில் அந்த மைதான வாடகை, எல்லாம் எட்டாயிரம் பேர் வந்தாலும் பதினெட்டாயிரம் பேர் வந்தாலும் ஏறக்குறைய ஒன்றே. காவலுக்கும் வாசலுக்கும் ஆள் சிலர் கூடுவார்கள், அவ்வளவுதான். ஆகவே கூடுதலாக வரும் ஒவ்வொருவரும் தரும் ஆறு பவுண்டு அநேகமாக முழுசாகவே நிற்கிறது. இதைவிட முக்கியம், பணம் எப்போது வருகிறது என்பது. ஆட்டமே இல்லாத கோடை மாதங்களில்தான் சின்னக் கிளப்புகள் மூச்சுத் திணறும். 12 ஆயிரம் பேர் ஆளுக்கு 138 பவுண்டு என்றால் 16 லட்சத்து 56 ஆயிரம் பவுண்டு. அரசாங்கம் தன் வரியை எடுத்துக்கொண்டாலும், ஆகஸ்டில் முதல் பந்து உதைபடும் முன்னே கையில் இருக்கும் பணம் அது. மழை பெய்தாலும், நவம்பரில் அணி தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றாலும் அந்தப் பணம் திரும்பிப் போகாது. வாசலில் டிக்கெட் விற்கும் கிளப் ஒவ்வொரு சனிக்கிழமையும் ரசிகரிடம் புதிதாகச் சம்மதம் கேட்கிறது. கோடையிலேயே விற்ற கிளப் வருஷத்துக்கு ஒரே ஒரு முறைதான் கேட்கிறது. அதன் பிறகு சனிக்கிழமை மதியம் எங்கே போவது என்று அந்தக் குடும்பம் யோசிக்க வேண்டியதில்லை. பழக்கம் என்பது அப்படித்தான் உண்டாகிறது.

விலையைக் குறைத்தால் மதிப்பும் குறையும் என்று ஒரு வாதம் வரும். அது முற்றிலும் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். இலவசமாக அள்ளிக் கொடுத்த டிக்கெட்டுக்கு அந்தக் கதி நேரும்; வாங்கியவர் மழைத்தூறல் விழுந்தால் வீட்டில் இருந்துவிடுவார், வந்தாலும் பாதியில் எழுந்து போவார். மலிவு வேறு, இலவசம் வேறு. சொந்தப் பணத்தில் ஆண்டு முழுமைக்கும் வாங்கியவர், எவ்வளவு குறைவாக இருந்தாலும், இது என் இடம் என்று நினைக்கிறார். பக்கத்து ஊர் ஹடர்ஸ்ஃபீல்டு டவுன் 1908இல் தொடங்கிய கிளப். நூற்றாண்டுக்காக 2008-09இல் நூறு பவுண்டுக்குச் சீசன் டிக்கெட் விற்றது. மூன்றாம் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்த அந்தக் கிளப்பின் டிக்கெட்டை 16 ஆயிரம் பேருக்கு மேல் வாங்கினார்கள். அதனால் அந்த ஊரில் அதன் மானம் ஒன்றும் போய்விடவில்லை. ஆனால் இந்த வாதத்தின் நிழலில் இன்னொரு உண்மையான குறை ஒளிந்திருக்கிறது, அதை மறைப்பது நியாயமில்லை. இங்கிலாந்தில் பல கிளப்புகள் அறிவிக்கும் கூட்டம், விற்ற டிக்கெட்டின் கணக்கு. வாசலைத் தாண்டி வந்த தலைகளின் கணக்கு அல்ல. மலிவாக வாங்கியவர் செவ்வாய்க்கிழமை இரவுக் குளிரில் வராமல் இருக்கலாம். ஆகவே நான் சொன்ன 17 ஆயிரத்தில் கணிசமான பேர் வீட்டில் இருந்திருப்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். அப்படியிருந்தும் அந்த இருக்கைக்கான பணம் கிளப்பிடம் இருக்கிறது. விற்காத காலி இருக்கையில் பணமும் இல்லை, ஆளும் இல்லை. வர முடியாதவர் தன் டிக்கெட்டை எதிர்வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்ப வழி செய்துவிட்டால், அந்தக் காலி இருக்கையே அடுத்த ரசிகரைப் பிடிக்கும்.

முதலில் அணியைப் பலப்படுத்துங்கள், மற்றது தானே வரும் என்பவர்களுக்கு நம் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. சென்னை சிட்டி எஃப்.சி. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தைத் தன் மைதானமாக வைத்துக்கொண்டு, 2018-19இல் ஐ-லீக் பட்டத்தையே வென்றது. தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று ஐ-லீக்கில் அடைந்த பெரிய உயரம் அது. 2021-22 ஐ-லீக்கில் அந்தக் கிளப்பே இல்லை. அதற்குக் காரணங்கள் பல. எல்லாவற்றையும் கேலரியின் தலையில் நான் கட்டவில்லை. ஒரு பட்டம் ஒரு கிளப்பைக் காப்பாற்றிவிடாது என்பதை மட்டும் அது காட்டுகிறது. வெற்றியே கூட்டம் சேர்க்கும் என்பதற்கு ரெக்ஸம் கிளப்பை எடுத்துக்காட்டுவார்கள். ஹாலிவுட் நடிகர்கள் இருவர் 2021இல் வாங்கினார்கள், 2023, 2024, 2025 என்று மூன்று ஆண்டும் வரிசையாக மேலே ஏறினார்கள், கூட்டம் பொங்கியது. சரி, உங்கள் மாவட்டத்துக்கு எந்த நடிகர் வரப்போகிறார்?

பிராட்ஃபோர்ட் ஐந்து லட்சம் பேருக்கு மேல் வாழும் பெரிய ஊர், 25 ஆயிரம் இருக்கை கொண்ட மைதானம், பழைய புகழ்; சின்னக் கிளப்புக்கு இது பொருந்துமா என்பது இவற்றைவிடக் கனமான ஆட்சேபம். நிரப்ப இருக்கை இருந்ததால்தான் விலையைக் குறைக்க முடிந்தது என்பது உண்மை. ஆயிரம் பேர் கொள்ளும் மைதானத்தில் ஆயிரம் பேர் வந்துகொண்டிருந்தால் விலையைக் குறைப்பது முட்டாள்தனம். ஆனால் நாம் பேசுவது பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும் மைதானங்களைப் பற்றி. சின்னக் கிளப்பும் கூட்டம் சேர்க்கலாம் என்பதற்குத் தெற்கு லண்டனில் டல்விச் ஹாம்லெட் என்று ஒரு கிளப் இருக்கிறது. ஆறாம், ஏழாம் அடுக்கில் ஆடுவது; சில நூறு பேர்தான் வந்துகொண்டிருந்தார்கள். இளஞ்சிவப்பும் கருநீலமும் கலந்த தன் சட்டையை அந்தப் பகுதியின் அடையாளமாக்கி, ஒதுக்கப்பட்டவர்களும் தைரியமாக வரலாம் என்று வெளிப்படையாகக் காட்டி, 2015இல் தன்பாலீர்ப்பு வீரர்களின் ஸ்டோன்வால் எஃப்.சி. அணியோடு நட்பு ஆட்டம் ஆடி, ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்த்தது. (முதல் ஐந்து அடுக்குகளில் ஆடுகளத்தைப் பார்த்தபடி பீர் குடிக்கத் தடை, அதற்குக் கீழே தடை இல்லை, அதுவும் உதவியிருக்கும், மறுக்கவில்லை.) தொலைக்காட்சி கூட்டத்தைத் தின்றுவிட்டது என்ற புலம்பலுக்கும் ஒரு வார்த்தை. சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் கால்பந்து நேரலை கிடையாது. சின்னக் கிளப்புகளின் வாசலைக் காப்பதற்காகவே அறுபதுகளிலிருந்து இருக்கும் ஏற்பாடு. அந்தக் காப்பு எல்லாக் கிளப்புக்கும் உண்டு. பிராட்ஃபோர்டில் கூட்டம் சேர்ந்தது, பல இடங்களில் சேரவில்லை. ஆகவே வித்தியாசத்தை டிவியில் தேடிப் பயனில்லை.

என் சாட்சியிடமும் ஒரு பலவீனம் உண்டு. வேலி பரேடு மைதானம் இருப்பது மேனிங்ஹாம் என்ற பகுதியில். 2021 மக்கள்தொகைக் கணக்கின்படி பிராட்ஃபோர்டில் நான்கில் ஒருவர் பாகிஸ்தான் வம்சாவளி; மேனிங்ஹாமில் அவர்கள் இன்னும் செறிவு. 2001 ஜூலையில் இனக் கலவரம் மூண்ட தெருக்கள் அவை. மைதானத்தின் சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கும் அந்த வீடுகளிலிருந்து, ஆறு பவுண்டு என்று விலை குறைந்த பிறகும், கேலரிக்கு வந்தவர்கள் மிகக் குறைவு. விலை திறந்த கதவை, நம்மை உள்ளே விடுவார்களா என்ற சந்தேகம் மூடிவைத்திருந்தது. வங்கதேச வம்சாவளியினர் சிலர் ‘பங்களா பேண்டம்ஸ்’ என்று ரசிகர் குழு அமைத்து, சேர்ந்து போக ஆரம்பித்தபோதுதான் அந்தக் கதவு கொஞ்சம் அசைந்தது. தனியாகப் போகத் தயங்குகிறவர் பத்துப் பேரோடு போவார். ஆகவே விலைக் குறைப்பு முதல் வேலை. வாசலுக்கு எதிரே இருக்கும் தெருவில் யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று போய்க் கேட்பது இரண்டாவது. முதல் வேலையை பிராட்ஃபோர்ட் துணிச்சலாகச் செய்தது, இரண்டாவதைத் தாமதமாகச் செய்தது.

கழக நிர்வாகிகளே, உங்கள் அடுத்த பொதுக்குழுவில் எந்த ஸ்டிரைக்கரை எடுப்பது என்பதற்கு முன்னால் டிக்கெட் விலையைப் பேச எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த ஆண்டு ஓர் ஆட்டத்துக்கு எத்தனை இருக்கை காலியாகக் கிடந்தது என்று எண்ணி எழுதிக்கொண்டு வாருங்கள். தொடர் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே, ஒரு தினக்கூலித் தொழிலாளி தன் பிள்ளையோடு சேர்த்து வாங்கக்கூடிய விலையில் ஆண்டு டிக்கெட்டை அறிவியுங்கள். அறிவித்துவிட்டு, மைதானத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்குங்கள்.