சீருடை கழன்ற பிறகும் தொடரும் அதிகாரம்

(கும்மிடிப்பூண்டியில் இளைஞர்கள், வணிகர்கள் மத்தியில் ஆற்றிய உரை)



சிப்காட் ஆலைகளில் வியர்வை சிந்தும் இளைஞர்களும், திருவள்ளூர் முதல் கும்மிடிப்பூண்டி வரை கடை வைத்திருக்கும் வணிகர்களும் இங்கே கூடியிருக்கிறீர்கள். எளாவூர் சோதனைச் சாவடி வழியாகச் சரக்கு கொண்டு வருபவர்களுக்கு ஒன்று தெரியும். லாரியை நிறுத்தும் காவலருக்கு மேலே ஆய்வாளர் இருக்கிறார். அவருக்கு மேலே டி.எஸ்.பி., எஸ்.பி. என்று படிகள் உண்டு. ஒருவர் தவறு செய்தால் இன்னொருவரிடம் முறையிடலாம்.

ஆனால் ஓய்வு பெற்ற காவல்துறை அதிகாரி ஒருவர் அரசின் ஆலோசகராக அமர்ந்தால், அவரைப் பற்றி யாரிடம் போய் முறையிடுவது? நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி இதுதான்.

நம் தமிழகத்தையே எடுத்துக்கொள்வோம். கே.விஜயகுமார் 1975ஆம் ஆண்டு தமிழகப் பிரிவு ஐ.பி.எஸ். அதிகாரி. பிரதமரின் சிறப்புப் பாதுகாப்புக் குழுவில் பணியாற்றியவர். சென்னை மாநகரக் காவல் ஆணையராக இருந்தவர். சிறப்பு அதிரடிப் படையின் தலைவராக, 2004 அக்டோபர் 18 அன்று தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பனின் கதையை முடித்தவர். 2010இல் தண்டேவாடாவில் 76 வீரர்கள் பலியான அதே ஆண்டில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் தலைமை இயக்குநர் ஆனார். 2012இல் ஓய்வு பெற்றார். பிறகு மத்திய உள்துறை அமைச்சகத்தின் பாதுகாப்பு ஆலோசகர் ஆனார்.

இவருடைய உழைப்பையும் துணிவையும் நாம் மறுக்கவில்லை. ஒருவர் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யக் கூடாது என்பது மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த பாடம். நமது கேள்வி தனி மனிதரைப் பற்றியது அல்ல. அவர் அமர்ந்த நாற்காலியைப் பற்றியது.

வீரப்பன் வேட்டையின் மறுபக்கத்தைப் பாருங்கள். விஜயகுமார் பொறுப்பேற்பதற்கு முன்பே, 1990களில், தமிழக, கர்நாடக அதிரடிப் படைகள் மலைக் கிராம மக்களைச் சித்திரவதை செய்ததாகப் புகார்கள் எழுந்தன. தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்து விசாரித்தது. அதன் பிறகு 2007இல்தான் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்கும்படி ஆணையம் பரிந்துரைத்தது. அதிரடிப் படையினருக்கோ 2004இலேயே பதவி உயர்வும் பரிசும் அறிவிக்கப்பட்டு விட்டன. பரிசு ஓடி வந்தது. நீதி நொண்டி நொண்டி வந்தது!

அடுத்து காஷ்மீர். 2018 ஜூனில் அங்கே ஆட்சி கவிழ்ந்து ஆளுநர் ஆட்சி வந்தது. விஜயகுமார் ஆளுநரின் ஆலோசகராக நியமிக்கப்பட்டார். உள்துறை உட்படப் பல துறைகள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. ஓர் அமைச்சர் பார்க்க வேண்டிய வேலை அது. ஆனால் அவர் மக்களிடம் ஓட்டுக் கேட்டு வந்தவர் அல்ல. 2018 நவம்பரில் சட்டமன்றமும் கலைக்கப்பட்டது. பிறகு அவரைக் கேள்வி கேட்க எந்த எம்.எல்.ஏ. இருந்தார்?

2019 ஆகஸ்ட் 5 அன்று 370ஆவது பிரிவின் கீழ் இருந்த சிறப்புத் தகுதி பறிக்கப்பட்டது. முடிவெடுத்தது டெல்லி. தொலைபேசியும் இணையமும் துண்டிக்கப்பட்டன. முன்னாள் முதல்வர்கள் மூவர் காவலில் வைக்கப்பட்டனர். அதிவேக இணையம் முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில்! வணிகர்களே, ஒரு நாள் நெட் இல்லாவிட்டால் உங்கள் கடையில் என்ன பாடு? பதினெட்டு மாதம் அந்த மக்கள் எப்படிப் பிழைத்திருப்பார்கள்? இணையத்தைக் காலவரையின்றி முடக்கக் கூடாது, தடை உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் ஒருவர் அனுராதா பாசின் என்ற பத்திரிகையாசிரியை. சட்டமன்றம் கேட்க முடியாத கேள்வியை ஒரு குடிமகள் கேட்டார்.

"நம்மவர் ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சிலர் சொல்கிறார்கள். ஃபாரூக் கான் என்ற ஓய்வு பெற்ற ஐ.பி.எஸ். அதிகாரி லட்சத்தீவின் நிர்வாகியாக இருந்தார். 2019 ஜூலையில் காஷ்மீர் ஆளுநரின் ஆலோசகரானார். பெயர் நம்முடையதுதான். ஆகஸ்ட் 5 நின்றதா? ஆளை மாற்றினால் போதாது. நாற்காலியைக் கேள்வி கேட்கும் முறை வேண்டும்.

அதற்காக நாம் அந்தப் பக்கமே போகாமல் இருக்கலாமா? கூடாது! ஐ.பி.எஸ். அதிகாரிகளில் முஸ்லிம்கள் வெறும் 4 சதவீதம் என்று 2006இல் சச்சார் குழு அறிக்கை சொன்னது. ஆலோசகர்கள் அந்த வரிசையிலிருந்துதான் வருகிறார்கள். வரிசையிலேயே நிற்காதவனுக்கு அறைக்குள் ஏது இடம்?

ஆகவே இரண்டு வேலைகள். வணிகப் பெருமக்களே, கல்யாணச் செலவில் ஒரு பங்கைக் குறைத்து, நம் மாவட்டத்துப் பிள்ளைகள் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்க உதவுங்கள். இளைஞர்களே, சட்டத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். கைதானால் கைதுக் குறிப்பில் சாட்சியின் கையெழுத்து வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும், காவலில் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று 1996இல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகள் உங்கள் நாவில் இருக்கட்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் உளவு அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் மனித உரிமை மீறலுக்கும் ஊழலுக்கும் அந்த விலக்கு இல்லை. கேட்கத் தெரிந்தவனுக்கே அந்தக் கதவு திறக்கும்.

அதிகாரத்தைக் கண்டு ஓடவும் வேண்டாம், அதன் காலடியில் விழவும் வேண்டாம். படித்து உள்ளே போவோம். உள்ளே இருப்பவர் யாராக இருந்தாலும் கேள்வி கேட்போம்!