நடுவில் வந்து அமர்ந்த வயலின்

(நூற்றாண்டையொட்டித் தொண்டைமானாற்றில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், வயலின் கற்ற மாணவிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



சந்நிதி முருகனைக் கும்பிட்டுவிட்டு, இந்த ஆற்றங்கரைக் காற்றில் கூடியிருக்கிறோம். வயலின் கலைஞர் ஒருவரைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் எங்களைக் கேட்டார்கள். யாரைப் பற்றிப் பேசுவதென்று நாங்கள் அதிகம் யோசிக்கவில்லை. உலகறிந்த டொக்டர் எல். சுப்பிரமணியம் தமது பிள்ளைப் பருவத்தைக் கழித்தது நமது யாழ்ப்பாணத்தில்தான்.

அவர் 1947இல் சென்னையில் பிறந்தவர். தந்தையார் வி. லட்சுமிநாராயண ஐயர் யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தார். தாயார் சீதாலட்சுமியும் இசை வல்லவர். ஐந்து வயதுக்கு முன்பே பயிற்சி. ஆறு வயதில் முதல் கச்சேரி. மூத்தவர் வைத்தியநாதன், இளையவர் சங்கர் ஆகிய சகோதரர்களும் தந்தையிடமே வயலின் கற்றார்கள்.

அந்தத் தந்தையாருக்கு ஒரு கனவு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதரும், பின்னர் தஞ்சை வடிவேலுவும் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்த வாத்தியம் வயலின். 1834இல் சுவாதித் திருநாள் மகாராஜா வடிவேலுவுக்குத் தந்தத்தில் செய்த வயலினையே பரிசளித்தார். ஆனாலும் கச்சேரியில் அதன் இடம் பாடகரின் பக்கத்தில்தான். பாடகர் போகும் வழியை நிழல்போலத் தொடர்வதே அதன் வேலை. அதை அரங்கின் நடுவில், தனிக்கச்சேரி வாத்தியமாக, உலக மேடையில் வைக்க வேண்டுமென்று லட்சுமிநாராயண ஐயர் விரும்பினார்.

1958 இனக்கலவரம் வந்தது. அந்தக் குடும்பம் சென்னைக்குப் போய்விட்டது. சுப்பிரமணியத்துக்கு அப்போது பதினொரு வயதுகூட ஆகியிருக்குமோ என்னவோ. அந்த வயதில் ஊரை விட்டுப் போவது என்னவென்று இங்கிருக்கும் பலருக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது நம்மவர்களுக்கு மிகவும் பிடித்த கட்டம். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து டொக்டரானார்! நம் வீடுகளில் கதை அத்தோடு முடிந்திருக்கும். வயலின் பெட்டி அலுமாரிக்கு மேலே போயிருக்கும். அவர் வயலினையே தேர்ந்தார். செம்பை வைத்தியநாத பாகவதர் போன்ற பெரியவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்துப் பழகியவர், கலிபோர்னியாவுக்குப் போய் மேலைத்தேய இசையிலும் முதுகலைப் பட்டம் பெற்றார். 1974இல் ஜோர்ஜ் ஹரிசனும் ரவிசங்கரும் நடத்திய இசைப்பயணத்தில் வாசித்தார். 1985இல் சுபின் மேத்தாவின் தலைமையில் நியூயோர்க் பில்ஹார்மொனிக் வாத்தியக் குழு அவருடைய ஆக்கத்தை அவரோடு சேர்ந்து வாசித்தது. ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, வயலின் தலையைக் குதிக்காலருகே ஊன்றி நிலத்தில் அமர்ந்து வாசிக்கும் நமது முறை அந்த மேடைகளிலும் ஏறியது. தந்தையார் 1990இல் காலமானார். அவர் பெயரால் 1992இல் மகன் தொடங்கிய இசைவிழா பல நாடுகளில் நடந்துள்ளது. 2025இல் இந்திய அரசு அவருக்குப் பத்மவிபூஷண் விருது வழங்கியது.

இது ஆண்பிள்ளைகளின் கதைதானே என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. எம். எல். வசந்தகுமாரிக்குப் பல்லாண்டு பக்கவாத்தியம் வாசித்த ஏ. கன்யாகுமரி, 2016இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார். அதைப் பெற்ற முதல் பெண் வயலின் கலைஞர் அவரே.

இனி எங்கள் கதை. நாங்களும் வட இலங்கைச் சங்கீத சபைச் சோதினைகளைத் தரம் தரமாகப் பாஸ் பண்ணினோம். பரிசளிப்பு விழாவில் பாடும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து வாசித்தோம். படங்களில் எங்கள் பாதி முகம் இருக்கிறது. 1987இல் வடமராட்சியை விட்டு ஓடியபோது சேர்ட்டிபிக்கட்டுகளை எடுத்தோம், வயலினை விட்டுவிட்டோம். பிறகு லண்டனிலும் ரொறன்ரோவிலும் புது வயலின் வாங்கினோம், பிள்ளைகளுக்காக. "முதல் சோதினை முடியட்டும், பிறகு வாசிக்கலாம்" என்று அவர்களிடமும் சொன்னோம். அந்தப் பிறகு வரவில்லை. எங்களுக்குத் தெரிந்தும் அதைச் சொன்னோம் என்பதுதான் உறுத்துகிறது.

ஆகவே மூன்று கோரிக்கைகள். வீட்டில் சும்மா கிடக்கும் வயலினைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள். பெட்டிக்குள் கிடந்தால் தந்தி துருப்பிடிக்கும், வில்லின் மயிர் உதிரும். ஊருக்கு வரும்போது தந்தியும் ரொசினும் கொண்டுவாருங்கள். ஆண்டுதோறும் பரிசளிப்பு விழாவில் ஒரு மாணவிக்கு அரை மணி நேரம் தனி வயலின் கச்சேரிக்கு அதிபர் இடம் தர வேண்டும். பாட்டுக்குத் துணையாக அல்ல; நடுவில் அவள், பக்கத்தில் மிருதங்கம்.

அந்த முதற் கச்சேரிக்கு நாங்கள் எல்லோரும் வருவோம். முன்வரிசையில் இருந்து தாளம் போடுவோம்.