கையெழுத்து விழும் முன்பே கேளுங்கள்!

(மேல்பட்டாம்பாக்கத்தில் இளைஞர்கள், வணிகர்கள் மத்தியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

நமது ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு காலத்தில் அந்நிய நாட்டின் எல்லை இருந்தது. பாகூரும் புதுவையும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. கடலூர்ச் சரக்கு அங்கே போக வேண்டுமானால் சுங்கச் சாவடியைத் தாண்ட வேண்டும்!

இந்தப் பகுதிகளின் எதிர்காலத்தை அங்குள்ள மக்களே முடிவு செய்யட்டும் என்று 1948-ல் இந்தியாவும் பிரான்சும் ஒப்புக்கொண்டன. சந்திரநாகூர் 1949-ல் வாக்களித்தது. மற்ற நான்கு பகுதிகளில் வாக்கெடுப்பை எப்படி நடத்துவது என்ற தகராறிலேயே ஆண்டுகள் ஓடின. மக்கள் போராடினார்கள். கடைசியில் 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது.

இதோடு கதை முடிந்துவிட்டதா? இல்லை! 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல்தான் நடைமுறைக்கு வந்தது. மக்களின் விருப்பமறியாமல் ஆட்சியமைப்பை மாற்றக்கூடாது என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அங்கேயே பிறந்து அங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள் அந்தக் குடியுரிமை தொடர வேண்டுமானால் ஆறு மாதத்திற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள்.

ஹாங்காங்கைப் பாருங்கள்! கடைசி ஆளுநர் கிறிஸ் பேட்டன் 1992-ல் தேர்தல் சீர்திருத்தம் அறிவித்தார். 1993-ல் பிரிட்டனும் சீனாவும் 17 சுற்றுகள் பேசின, உடன்பாடு ஏற்படவில்லை. 1995-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம் 1997 ஜூலை 1-ல் கலைந்தது. அங்கே தலைமுறையாக வணிகம் செய்த இந்தியர்கள் பலர் சீனக் குடிமக்களும் அல்ல, முழு பிரிட்டிஷ் குடிமக்களும் அல்ல. அவர்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். கைமாறும் ஆண்டிலேயே, வேறு நாட்டுக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு பிரிட்டன் கதவு திறந்தது.

சகோதரர்களே! கடை வாடகைப் பத்திரத்தை வரிவரியாகப் படிக்கிறோம். நமது குடியுரிமையைப் பற்றிய காகிதத்தை மட்டும் பிறர் படித்துச் சொல்லட்டும் என்று விட்டுவிடலாமா? அரசுகள் பேசும்போதே கேளுங்கள். கெடு தேதியைக் குறித்து வையுங்கள். எழுதிக் கொடுக்க வேண்டியதை உரிய நாளில் எழுதிக் கொடுங்கள். கெடு முடிந்தபின் எழுப்பும் குரலுக்கு எந்த ஒப்பந்தத்திலும் இடமில்லை!