வாய் பேசா நோயாளி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

ஆண்டு விழா மேடையில் திருக்குறளைப் பற்றியோ சிலப்பதிகாரத்தைப் பற்றியோ பேசுவதே மரபு. நம் செயலாளர் அவர்கள் என்னிடம் தலைப்புக் கேட்டபோது, ‘ஆமை’ என்றேன். ‘அடக்கமுடைமையா?’ என்றார். ஐம்பொறிகளை அடக்குவதற்கு வள்ளுவர் ஆமையை உவமை காட்டியிருக்கிறார் அல்லவா? அதனால் அவர் அவ்வாறு எண்ணியது இயல்பே. ‘இல்லை ஐயா, நோயுற்ற ஆமை’ என்றேன். சிறிது நேரம் என்னை உற்று நோக்கிவிட்டு எழுதிக்கொண்டார்.

நான் மருத்துவன் அல்லேன். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவன். ஆயினும் சில ஆண்டுகளாக, ஓய்வு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் விலங்கு மீட்பகம் ஒன்றிற்குச் சென்று, கூண்டு கழுவுவதும் புல் நறுக்குவதுமாகச் சிறு தொண்டு செய்து வருகிறேன். அங்குக் கண்டதையும் மருத்துவர்களிடம் கேட்டறிந்ததையுமே இங்குக் கூறப்போகிறேன்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது நம் ஊர்ப் பழமொழி. கல்லாமை, பொறாமை, முயலாமை ஆகிய ஆமைகளையே அது குறிக்கிறது என்று பட்டிமன்றங்களில் விளக்கம் தருவார்கள். நாமும் கை தட்டுவோம். ஆனால் பெங்களூருக்கு வந்து குடியேறிய பின்னர் நேர் எதிரான நம்பிக்கை ஒன்றையும் காண்கிறோம். ஆமை வீட்டிலிருந்தால் செல்வம் பெருகும் என்கிறார்கள். சிலர் பித்தளை ஆமையோடு மன நிறைவு அடைகின்றனர். அவர்களால் யாருக்கும் தீங்கில்லை. உயிருள்ள ஆமையைத் தேடுவோரால்தான் துன்பம். உருப்படாது என்று அஞ்சியவன் ஆமையைத் தெருவில் விட்டான்; செல்வம் வரும் என்று நம்பியவன் அதைக் குளியலறையில் அடைத்தான். இருவரில் எவனும் ஆமையைப் பார்க்கவில்லை.

நம் குடியிருப்பிலேயே நிகழ்ந்தது ஒன்று உண்டு. இடமாற்றம் பெற்றுச் சென்ற குடும்பம் ஒன்று, தாம் வளர்த்த நட்சத்திர ஆமையைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துச் சென்றது. அவர்கள் கொடியவர்கள் அல்லர். நான்கு ஆண்டுகள் அதற்குப் பாலும் சோறும் ரொட்டியும் தக்காளியும் அன்போடு ஊட்டியவர்கள். பிளாஸ்டிக் தொட்டியில், வெயில் படாத மூலையில் அது வாழ்ந்தது. பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருநாள் என்னிடம் ஓடி வந்து, ‘மாமா, ஆமை பத்து நாளாகத் தூங்குகிறது’ என்றாள். சென்று பார்த்தேன். அது தூங்கவில்லை. இமைகள் வீங்கிக் கண்கள் மூடிக் கிடந்தன. மூக்கில் நுரைக் குமிழ்கள். வாயின் அலகு கிளியின் மூக்கைப் போல் வளைந்து நீண்டிருந்தது. ஓட்டை விரலால் தொட்டால், ஈரம் பட்ட அட்டைபோல் சிறிது அமுங்கியது.

அன்றே அதை மீட்பகத்தில் ஒப்படைத்தோம். அங்கிருந்த மருத்துவர் ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினார். ஆமையின் ஓடு அது சுமக்கும் வீடன்று, அதன் எலும்பேயாகும். முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஓட்டோடு ஒன்றியவை. ஆகையால் ஓட்டில் துளையிட்டுக் கயிறு கட்டுவது, நம் எலும்பில் துளையிடுவதற்கு ஒப்பாகும். அந்த எலும்பு உறுதிபெறச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். வைட்டமின் டி உண்டாக, வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் நேரே மேனியில் பட வேண்டும். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் வெளிச்சம் உண்டு. அந்தக் கதிர் பெரும்பாலும் தடுக்கப்பட்டுவிடும். சோறும் ரொட்டியும் உண்டு, வெயிலின்றி வளர்ந்த ஆமையின் ஓடு மென்மையாகிறது. அல்லது கோணலாக மேடு மேடாக எழும்புகிறது. கண் வீக்கம் பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைவால் வருவது. மூக்குக் குமிழ் நுரையீரல் நோயின் அடையாளம். நமக்கு இருப்பதுபோல் உதரவிதானம் ஆமைக்கு இல்லை. வலுவாக இருமிச் சளியை வெளியேற்ற அதனால் இயலாது. நாம் ஒரு வாரம் இருமினால் வீடே விழித்துக்கொள்கிறது. ஆமையோ மாதக்கணக்கில் ஓசையின்றி நோயில் கிடக்கும்.

மருத்துவத்தின் வரிசை எனக்கு வியப்பளித்தது. பசித்த உயிருக்கு முதலில் உணவு தருவதே நம் வழக்கம். அங்கு முதலில் தந்தது வெப்பம். ஆமை தன் உடலில் தானே சூடு உண்டாக்கிக்கொள்ளும் உயிர் அன்று. உடல் குளிர்ந்திருந்தால் செரிமானமும் நடவாது, நோயை எதிர்க்கும் ஆற்றலும் எழாது. வறண்ட புதர்க்காட்டில் பிறந்த உயிர், பெங்களூரின் ஆடி மாத ஈரத்திலும் மார்கழிக் குளிரிலும் சிமெண்டுத் தரையில் கிடந்தால் என் செய்யும்? அடுத்துத் தந்தது நீர். வெதுவெதுப்பான நீரைத் தட்டில் தாழ்வாக ஊற்றி, தலை மூழ்காதவாறு கால் மணி நேரம் அதில் நிற்க வைத்தனர். அது நீரைக் குடித்தது. வெண்மையான கழிவை வெளியேற்றியது. உணவு அதன் பின்னரே வந்தது: அருகம்புல், செம்பருத்தி இலையும் பூவும், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி, மல்பெரி இலை. பாலக் கீரையை மிகுதியாகத் தரலாகாதாம். அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்துவிடும். பால் அறவே கூடாது.

தாய்மார்கள் இதனைச் சிறப்பாக மனத்திற் கொள்ள வேண்டும். வீட்டிலுள்ள மருந்தை ஆமைக்குத் தந்துவிடாதீர்கள். மாட்டுக்கும் நாய்க்கும் பூச்சி நீக்கத் தரும் ஐவர்மெக்டின் என்னும் மருந்து ஆமைக்கு நஞ்சு; உயிரையே போக்கிவிடும். வைட்டமின் ஏ குறைவு என்று கேட்டவுடன் அதை அளவின்றி ஊசியாகப் போட்டால், தோல் உரிந்து புண்ணாகும். நோய்க்கிருமிக் கொல்லி ஊசியைக்கூட உடலின் முன்பாதியில்தான் போடுகிறார்கள். பின்காலில் போட்டால், மருந்து உடலெங்கும் பரவுமுன் சிறுநீரகத்தை அடைந்துவிடக் கூடுமாம்.

அந்த ஆமை கண் திறக்க மூன்று வாரங்கள் ஆயின. தானே புல்லைக் கடிக்க இரண்டு மாதங்கள். அலகைச் சிறிது சிறிதாக அராவிச் சீர் செய்தனர். ஓடு கெட்டிப்பட்டது, கோணல் மட்டும் நீங்கவில்லை. பழுதுபட்டு வளர்ந்த பகுதி பழுதுபட்டதே. பின்கால்களை ஊன்றி உடலைத் தூக்க அதனால் முடிவதில்லை. ஆகவே அது இனிக் காட்டிற்குப் போகாது.

இத்தகைய ஆமைகள் எங்கிருந்து வருகின்றன? நட்சத்திர ஆமை, தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம் ஆகிய பகுதிகளின் வறண்ட நிலங்களிலும், குஜராத், இராசத்தான் பகுதிகளிலும், பாகிஸ்தானின் எல்லைப்புறத்திலும், இலங்கையிலும் வாழ்வது. கரிய ஓட்டில் மஞ்சள் கோடுகள் விண்மீன்போல் விரியும். காய்ந்த புல்லிடையே அதை மறைத்துக் காக்க இயற்கை அளித்த அக்கோலமே மனிதன் கண்ணில் பட்டு அதற்கு எமனாயிற்று. இந்தியாவில் உள்ள ஒரேயொரு வணிக மையத்தின் வழியாக மட்டும், ஓராண்டில் குறைந்தது 55,000 ஆமைகள் பிடிக்கப்பட்டன என்று 2015இல் வெளியான ஆய்வு ஒன்று கூறிற்று. கால்களும் தலையும் வெளிவராதபடி ஒட்டுநாடாவால் சுற்றிப் பெட்டிகளில் அடைத்து, விமானத்திலும் பேருந்திலும், ஏன், நம் ரயில்களிலும் கொண்டு செல்கின்றனர். உணவும் நீரும் இன்றிப் பல நாள் கிடந்தவையே மீட்பகங்களை வந்தடைகின்றன.

போனவை அனைத்தும் திரும்புவதில்லை. ஆயினும் 2018 நவம்பரில் 51 நட்சத்திர ஆமைகள் சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் பெங்களூருக்குத் திரும்பின. அங்கே ஏக்கர்ஸ் என்னும் விலங்கு நல அமைப்பு அவற்றை மீட்டுப் பேணியிருந்தது. இங்கே கர்நாடக வனத்துறையும் வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். அமைப்பும் அவற்றை ஏற்றன. பிழைப்பிற்காக ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு, அயல்நாடு சென்று மீண்ட அச்செய்தி சற்று நெருக்கமாகவே இருந்தது. நாமாவது விரும்பி வந்தோம்!

திரும்பியவற்றை உடனே காட்டில் விடலாகாதா என்று நானும் கேட்டேன். கூடாதாம். கூட்டமாக அடைபட்டுக் கிடந்த ஆமை நோயைச் சுமந்து சென்று, காட்டில் நலமாக உள்ளவற்றிற்கும் பரப்பும். ஆகவே தனியே வைத்துப் பல மாதங்கள் கண்காணிக்கின்றனர். மேலும், எல்லாப் பகுதி ஆமைகளும் ஒரே வகையின அல்ல. மீட்கப்பட்ட ஆமைகளின் பிறப்பிடத்தை மரபணு வழியே காண முயன்று, ஹைதராபாத் அறிவியலறிஞர்கள் 2006இல் ஆய்வொன்றை வெளியிட்டனர். குஜராத் ஆமையைக் கோலார்ப் பக்கம் விடுவது நன்மை செய்ததாகாது.

சட்டத்தையும் கூறிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் வன உயிர் பாதுகாப்புச் சட்டப்படி நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது குற்றம். 2022இல் நிறைவேறி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டது. உலக அளவிலும் அதன் வாணிபத்தை 2019இல் முற்றிலும் தடை செய்யத் தீர்மானித்தனர். கடைக்காரர் ‘ஒன்றும் ஆகாது, எல்லோரும் வாங்குகிறார்கள்’ என்பார். விற்றவர் அவர், சிறை செல்பவர் நீங்கள். மீன் கடைகளில் விற்கும் செங்காது ஆமை வேறு. அது அமெரிக்க நீராமை. வளர்ந்து பெரிதானதும் ஏரியில் விட்டுவிடுகின்றனர். அது நம் நாட்டு ஆமைகளின் இடத்தைப் பறிக்கிறது. அதையும் வாங்காதிருப்பதே நலம்.

சட்டத்திற்கு அஞ்சி இரவோடு இரவாக ஆமையை அல்சூர் ஏரியிலோ கோயில் குளத்திலோ விடுவதைப் புண்ணியம் என்று எவரும் எண்ண வேண்டா. நில ஆமைக்கு நீந்தத் தெரியாது. படித்துறையில் மஞ்சள் குங்குமம் இட்டு நீரில் விட்டவர் வீடு திரும்புமுன் அது மூழ்கியிருக்கும்.

எங்கேனும் ஓர் ஆமையைக் கண்டால், காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் பழைய துணி விரித்து அதை வையுங்கள். பெட்டிக்குள் நீர்க்கிண்ணம் வேண்டா; கவிழ்ந்தால் ஈரம். வாயைப் பிளந்து எதையும் ஊட்ட வேண்டா. மல்லாத்திப் பார்க்க வேண்டா. தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள், குழந்தைகளும் கழுவட்டும். ஆமையின் மேனியில் வயிற்றுப்போக்கைத் தரும் சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கக் கூடும். பிறகு வனத்துறைக்கோ, கெங்கேரிப் பக்கம் வன உயிர் மருத்துவமனை நடத்தும் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் அமைப்புக்கோ செய்தி சொல்லுங்கள். வழி தெரியாவிடில் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். இரவுப் பணி இல்லாத நாட்களில் நானே உடன் வருகிறேன்.