சீட்டு யார் கையில்?



எங்கள் வீட்டில் மாதம் பிறக்கப் போகிறதென்றால் அம்மா அடுப்படியில் நின்றுகொண்டு டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். சத்தத்தை வைத்தே கணக்குச் சொல்லுவார். “உளுந்து ரெண்டு கிலோ. கடலைப்பருப்பு அரைக் கிலோ போதும். சீரகம் இருக்கு, எழுதாதே.” நான் தரையில் உட்கார்ந்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுவேன். அதுதான் பலசரக்குச் சீட்டு. சென்னைக்காரர்கள் மளிகை என்பார்கள். மதுரையில் எங்களுக்கு அது பலசரக்குதான்.

சீட்டு அண்ணாச்சி கடைக்குப் போகும். கடை வாசலில் குறுக்கே ஒரு பலகை. இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் சாமான். அண்ணாச்சி சீட்டை வாசிக்க வாசிக்க, கடைப்பையன் பொட்டலம் கட்டுவான். பத்து வருடம் போயிருப்பேன், அந்தக் கடைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. சீட்டில் இல்லாத ஒன்று வேண்டுமானால் வாயைத் திறந்து கேட்க வேண்டும். கேட்டால் சாயங்காலத்துக்குள் அம்மா காதுக்குப் போய்விடும்.

எந்தக் கடையில் வாங்குவது என்று பேச ஆரம்பித்தால் எல்லோரும் விலையைத்தான் முதலில் சொல்கிறோம். எனக்கு அந்தப் பலகைதான் முதலில் ஞாபகம் வருகிறது.

அதைத் தூக்கிப் போட்டவர் அமெரிக்காவில், மெம்ஃபிஸ் நகரத்துக் கடைக்காரர் கிளாரன்ஸ் சாண்டர்ஸ். 1916-இல் ‘பிக்லி விக்லி’ என்று ஒரு கடை திறந்தார். வேண்டியதை நீங்களே உள்ளே போய் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளே வழி ஒன்றே ஒன்றுதான். நுழைந்தவர் எல்லா அலமாரிகளையும் சுற்றிக்கொண்டுதான் கல்லாவுக்கு வந்து சேர முடியும். கோயில் பிரகாரம் மாதிரி. இந்த அமைப்புக்கு அவர் 1917-இல் காப்புரிமையே வாங்கி வைத்துக்கொண்டார்.

அதற்கு இருபது வருடம் கழித்து, 1937-இல், ஓக்லஹோமா சிட்டியில் கடை வைத்திருந்த சில்வன் கோல்ட்மன் ஒன்றைக் கவனித்தார். கூடை கனத்ததும் ஜனங்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள். கூடைக்குச் சக்கரம் வைத்தார். ஆரம்பத்தில் யாரும் அதைத் தொடவில்லையாம். கூலிக்கு ஆள் பிடித்து, வாடிக்கையாளர்போல வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் நடக்கவிட்டார். நடந்தவர்களைப் பார்த்து மற்றவர்களும் தள்ளினார்கள். நாமும் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம் இப்படித்தான், குளிர்சாதன வசதியுள்ள பெரிய கடை ஒன்றில் வண்டி நிறைய அள்ளிப்போட்டு பில்லும் கட்டியாயிற்று. வீட்டுக்கு வந்தபின் பார்த்தால் சீட்டு கைப்பையில் மடித்தபடியே இருக்கிறது. பெருங்காயத்துக்காகத்தான் போனேன். பெருங்காயம் வாங்கவில்லை.

அதற்காக அந்தக் கடைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பலகைக்கு முன்னால் நாலு ஆண்கள் நிற்கும்போது சானிட்டரி நாப்கின் கேட்பதற்கு, அவர்கள் நகரட்டும் என்று காத்து நின்ற பெண்களில் நானும் ஒருத்தி. அண்ணாச்சி அதைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு நீட்டுவார். விலை கேட்டுவிட்டு, கட்டுப்படியாகாது என்று வெறுங்கையோடு திரும்பவும் அங்கே கூச்சம். இங்கே பொருளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, பிடிக்கவில்லையென்றால் வைத்துவிட்டு வரலாம். யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

திருப்பிப் பார்க்கும்போது கண்ணில் பட வேண்டியது ஒன்று உண்டு. அதிகபட்ச சில்லறை விலைக்குப் பக்கத்தில், ஒரு கிராம் என்ன விலை, ஒரு கிலோ என்ன விலை என்று இப்போது அச்சடிக்கிறார்கள். பிஸ்கட் பாக்கெட் அதே அஞ்சு ரூபாய்க்குக் கிடைக்கும், உள்ளே எடை மட்டும் இளைத்துக்கொண்டே வரும். அந்த இளைப்பு இந்தச் சின்ன எழுத்தில்தான் தெரியும். இதிலும் ஒரு சங்கடம். கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராம் கணக்கு, கிலோவுக்கு மேற்பட்டதில் கிலோ கணக்கு. ஆயிரத்தால் பெருக்காமல் ஒப்பிட முடியாது. பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்ற நம்பிக்கை எனக்கு அந்தப் பெருக்கலில்தான் போயிற்று.

இப்போது என் சீட்டை அஞ்சாகக் கிழிக்கிறேன். சோப்பு, பற்பசை இந்த வகைக்கு ஒரு துண்டு, அது குளிர்சாதனக் கடைக்கு.

காய்கறித் துண்டு உழவர் சந்தைக்கு. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ஆம் தேதி நம் மதுரை அண்ணா நகரில்தான் திறந்தது. அடையாள அட்டை வைத்திருக்கிற விவசாயிகள் விளைந்ததை நேராகக் கொண்டுவந்து விற்கிறார்கள். அங்கேயும் ஒரு பலகை உண்டு, விலைப் பலகை. அன்றன்றைக்கு மொத்த விற்பனை நிலவரத்தைப் பார்த்துக் காலையில் விலை எழுதுகிறார்கள். அங்கே வாங்காவிட்டாலும் அந்தப் பலகையைப் படித்துவிட்டு வரலாம். தெருவில் தள்ளுவண்டிக்காரம்மா கத்தரிக்காய்க்குச் சொல்லும் விலை நியாயமா என்பது அதிலிருந்து தெரிந்துவிடும். ஆனால் ஒன்று. அந்த அம்மா கூட்டிச் சொல்லும் அஞ்சு, பத்து, வெயிலில் நம் வாசல்வரை வண்டி தள்ளி வந்த கூலி. அதில் நான் பேரம் பேசுவதில்லை. கேட்காமலே கறிவேப்பிலை கொசுறாகப் போடுகிறவரிடம் என்ன பேரம்?

ரேஷன் துண்டுக்கு அதிகம் பேச வேண்டியதில்லை. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். எந்தக் கடை தள்ளுபடியும் இதற்குப் பக்கத்தில் வராது. கௌரவம் பார்த்து விட்டுவிடுகிறவர்கள் அந்தப் புழுங்கலரிசியை ஒருமுறை இட்லிக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

சாப்பாட்டு அரிசி கடையில்தான். 2022 ஜூலையில், பெயர் அச்சிட்டுப் பைகட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத வரி வந்தது. கொஞ்ச நாளில் கடைகளில் 26 கிலோ மூட்டை வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு கிலோ கூடினால் வரி இல்லை! மூட்டையைத் தூக்கி வைக்கிற என் வீட்டுக்காரர் அந்த ஒரு கிலோவைப் பற்றி மாதாமாதம் அபிப்பிராயம் சொல்லுவார்.

நாலாவது துண்டு வருஷத்துக்கு ஒருமுறை. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். அப்போது நானும் பக்கத்து வீட்டு அக்காவும் கீழமாசி வீதிக்குப் போவோம். புளி, ராமநாதபுரம் முண்டு வற்றல், மல்லி எல்லாம் மொத்தமாக வாங்கிப் பங்கு பிரித்துக்கொள்வோம். கொட்டை எடுக்காத புளி விலை குறைவுதான், ஆனால் கொட்டைக்கும் சேர்த்துத்தானே தராசு நிறுக்கிறது? ஒரு கிலோ வாங்கி, கொட்டையும் நாரும் எடுத்துவிட்டு வீட்டில் நிறுத்துப் பார்த்த பிறகுதான் எங்களுக்குச் சரியான விலை தெரிந்தது. ஆட்டோ கூலியையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்போம். ஒருத்தி மட்டும் போனால் கட்டாது, இரண்டு குடும்பம் சேர்ந்தால் கட்டும். மொட்டைமாடியில் காயப்போட வெயிலும் வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கடைசித் துண்டு தெருமுனைக் கடைக்கு. அண்ணாச்சி இல்லை, அவர் மகன் இருக்கிறார். கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடத்தான் இருக்கும். இருந்தாலும் மாதாமாதம் உளுந்தும் நல்லெண்ணெயும் அங்கேதான். 2020-இல் ஊரடங்கு வந்து ஊரே சாத்திக் கிடந்தபோது, பற்று நோட்டில் எழுதிக்கொண்டு எங்கள் தெருவுக்குச் சாமான் கொடுத்தது அந்தக் கடை. கடன் வேண்டும்போது மட்டும் போய் நிற்கிறவருக்கு எந்தக் கடையிலும் நோட்டில் பக்கம் இருக்காது.

இது போக, என் மகள் ஒரு செயலியைப் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். அவசரத்துக்கு நல்லதுதான். ஆனால் அதில் சீட்டே எழுத வேண்டாம், அதுவே எழுதிவிடுகிறது. போன தடவை என்ன வாங்கினீர்கள், எது தீர்ந்திருக்கும், எதை எடுத்தால் கொண்டுவந்து தரும் கட்டணம் கிடையாது என்று வரிசையாகச் சொல்கிறது.

அம்மாவுக்கு இப்போது காது மந்தம். டப்பாவைத் தட்டுவதில்லை, தூக்கிப் பார்க்கிறார். முந்தாநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன், போன் மணியடித்தது. சீரகத்துக்குத் தள்ளுபடியாம்.

“யாரு?” என்று கேட்டார் அம்மா.

“கடைக்காரங்கம்மா. சீரகம் வேணுமான்னு கேக்குறாங்க.”

டப்பாவை ஒருமுறை தூக்கிப் பார்த்தார்.

“இருக்குன்னு சொல்லு.”