பேட்டரிக்குள்ளும் ஒரு சரவெடி

(ஏழாயிரம்பண்ணையில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



2023 நவம்பரில் மத்திய அரசு நமோ ட்ரோன் திதி திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. வயலுக்கு மருந்தடிக்க 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன். விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம். 15 நாள் பயிற்சி என்று அறிவித்தார்கள். பறக்கும் எந்திரத்தைப் பெண்கள் ஓட்டுவது நமக்குப் பெருமைதான். ஆனால் கூடவே வரும் பேட்டரியைப் பற்றியும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ட்ரோன், ரிமோட், கேமரா படம் பார்க்கக் கண்ணில் மாட்டும் வீடியோ கண்ணாடி, நம்ம செல்போன் எல்லாத்திலும் இருப்பது லித்தியம் பேட்டரிதான்.

உள்ளே என்ன இருக்கு? மெல்லிய செம்புத் தகடு, அலுமினியத் தகடு, நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள், தீப்பிடிக்கும் திரவம். கீழே விழுந்தோ, ஆணி குத்தியோ, அளவுக்கு மீறி சார்ஜ் ஏறியோ அந்தத் தாள் கெட்டால் உள்ளேயே சூடேறும். ஒரு செல் பிடித்தால் பக்கத்துச் செல்லும் பிடிக்கும். சரவெடி பின்னிய நமக்கு இதை விளக்கணுமா? 2016-இல் சாம்சங் கம்பெனி நோட் 7 போனை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது பேட்டரி கோளாறால்தான்.

வீடியோ கண்ணாடி முகத்தோடு ஒட்டி இருப்பது. அதனால் பேட்டரி தனியாக, ஒயர் வழியாக இடுப்புப் பையில் இருப்பது நல்லது. சாதாரணமாக ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்தான் எல்லை. அதைத் தாண்டாமல் நிறுத்தும் பாதுகாப்பு சர்க்யூட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கம்பெனி சார்ஜரை மட்டும் போடுங்கள்.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. பறந்து வந்த பேட்டரி ஆறின பிறகே சார்ஜ் போடணும். தூங்கும்போது போடக் கூடாது.
2. உப்பின பேட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்தாதீங்க, குத்திப் பார்க்காதீங்க, குப்பையில் போடாதீங்க. 2022-ஆம் ஆண்டு விதிப்படி பழைய பேட்டரியைச் சேகரிப்பது தயாரிப்பாளர் பொறுப்பு.
3. பட்டாசு ஷெட்டுக்குள் செல்போனோ பேட்டரியோ போகவே கூடாது. மருந்து ஒட்டின சேலையோடு பேட்டரியைத் தொடாதீங்க. வீட்டில் திரியும் மருந்தும் வைப்பதே தப்பு. அங்கே சார்ஜும் போட்டால் வீடே மிஞ்சாது.

இன்னொன்றையும் மறக்காதீங்க. அலுமினியப் பவுடர் பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மணல்தான் என்று பழகியிருக்கிறோம். லித்தியம் பேட்டரிக்கு மணல் மட்டும் போதாது, உள்சூடு தணியாது. கரண்டை நிறுத்திவிட்டு, தள்ளி நின்று தண்ணீரை நிறைய ஊற்றணும். பக்கத்தில் பட்டாசு மருந்து இருந்தாலோ, பெரிய ட்ரோன் பேட்டரியாக இருந்தாலோ கிட்டப் போகாதீங்க. புகையும் நச்சு. ஆட்களை வெளியேற்றி 101-க்குப் போன் போடுங்கள்.

2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளம் பட்டாசு ஆலையில் நடந்ததை நாம் மறக்க முடியாது. அது பேட்டரியால் வந்ததல்ல. ஆனால் ஒரு பொறி எத்தனை வீட்டு விளக்கை அணைக்கும் என்று நம் ஊருக்குத் தெரியும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி, தீர்மான நோட்டில் எழுதுவோம். புதுத் தொழில் கற்போம், உயிரையும் காப்போம்.