கரையுற பொம்மைக்குக் கடன் கொடுப்போம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுத்தில் தரப்படுகிறது.)



இன்றைக்குத் தீர்மான நோட்டில் மூன்று கடன் மனு இருக்கிறது. மூன்றுமே ஆவணியில் வரும் பிள்ளையார் சதுர்த்திக்குச் சின்னச் சின்னச் சிலை செய்து விற்பதற்கு. ஒரு குழு களிமண்ணில் செய்கிறோம் என்கிறார்கள். மற்ற இரண்டு குழுவும் "வெள்ளை மாவு" என்று எழுதியிருக்கிறார்கள். அது பிளாஸ்டர் ஆப் பாரிஸ். நீங்கள் கை தூக்குவதற்கு முன்னால் எனக்குப் பத்து நிமிஷம் கொடுங்க. ஏன்னா, இந்த வெள்ளை மாவை நம்பி ஒரு குழுவையே கஷ்டத்தில் மாட்டிவிட்டவள் நான்.

2023-ல் அந்தக் குழுவுக்கு இந்தத் தொழிலைச் சொன்னதே நான்தான். படிச்ச பிள்ளை சொல்லுது, சரியாத்தான் இருக்கும்னு நம்பினாங்க. நாற்பதாயிரம் ரூபாய் கடன். ரப்பர் அச்சு, மூட்டை மூட்டையா மாவு, பெயிண்ட் எல்லாம் வாங்கினோம். மாவைத் தண்ணியில கரைச்சு அச்சுல ஊத்தினா அரை மணி நேரத்துல பிள்ளையார் ரெடி. வெடிப்பு விடாது, வெயிட்டும் கம்மி, பார்க்கப் பளபளன்னு இருக்கும். எனக்கு ரொம்பப் பெருமை. ஆனால் விதிமுறை என்ன என்று ஒரு வரி படிக்கவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 மே மாதமே பிளாஸ்டர் ஆப் பாரிஸ் சிலை கூடாது, தெர்மாகோல் கூடாது, விஷப் பெயிண்ட் கூடாது என்று எழுதிவிட்டது. 2023 செப்டம்பரில் விஷயம் ஐகோர்ட்டின் மதுரைக் கிளைக்குப் போனது. ஒரு நீதிபதி, விற்கலாம், தண்ணீரில் கரைக்கத்தான் கூடாது என்றார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கே இரண்டு நீதிபதிகள் உட்கார்ந்து அந்த உத்தரவுக்குத் தடை போட்டார்கள். உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. எல்லாம் சதுர்த்தியை ஒட்டிய மூன்றே நாளில்.

விற்காத சிலை அறுபதுக்கு மேல நின்னுபோச்சு. பன்னிரண்டு பேரும் திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய் அந்தக் கடனைக் கட்டினாங்க. ஒரு தவணை தவறலை. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

மிச்சத்துல ஒரு சிலையை எங்க வீட்டுக் கொல்லையில் தண்ணி வாளியில் போட்டு வைத்தேன். மூணு மாசம் கழிச்சுப் பார்த்தா பெயிண்ட் உரிஞ்சு கிடக்குது, தும்பிக்கை ஒடிஞ்சிருக்கு, ஆள் அப்படியே உட்கார்ந்திருக்கார். ஒரு வாளியில் இப்படி என்றால் முல்லையாற்றில் என்ன ஆகும்? லோயர் கேம்பில் இறங்குகிற தண்ணீர் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று நம்ம ஊரெல்லாம் நனைத்துவிட்டு வைகையில் சேருகிறது. வைகை அணையிலிருந்து மதுரைக்காரர்கள் குடிக்கிறதும் அதைத்தான். சில பெயிண்டில் ஈயம், குரோமியம் எல்லாம் இருக்கும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

சிலை கரைய வேண்டும் என்பது யாரோ அதிகாரி கண்டுபிடித்த சட்டம் இல்லை. மதுரை, திண்டுக்கல், தேனி பக்கம் பல ஊர்களில் முத்தாலம்மன் திருவிழா நடக்கிறதே, நினைத்துப் பாருங்கள். அந்த அம்மனுக்கு நிரந்தரச் சிலை கிடையாது. வேளார் வீட்டில் மண்ணெடுத்துச் செய்து, கண் திறந்து, தூக்கிவந்து, கும்பிட்டு, ஓரிரு நாளில் ஊர் எல்லைக்கு அனுப்பிவிடுகிறோம். அம்மன் மண்ணோடு மண்ணாகப் போய்விடுவாள். அடுத்த திருவிழாவுக்குப் புதுசா மண்ணெடுக்கணும். மண் எடுக்கக் கண்மாய் இருக்கணும்.

இதேபோல வெளிநாட்டிலும் ஒரு பெண் செய்திருக்கிறார். பிரேசில் நாட்டுக்காரர், பெயர் நெலே அசெவேதோ. 2009 செப்டம்பரில் ஜெர்மனியின் பெர்லின் நகரத்தில், ஒரு பெரிய மண்டபத்தின் படிக்கட்டில், ஒரு சாண் உயரத்துக்கு ஆயிரம் ஐஸ் பொம்மைகளை உட்கார வைத்தார். எல்லாம் மனுஷ உருவம். வெயில் ஏற ஏறத் தலை சாய்ந்து, தோள் சரிந்து, கொஞ்ச நேரத்தில் வெறும் ஈரம். பூமி சூடாகிறது, பனி உருகுகிறது என்பதைச் சொல்ல அப்படி ஒரு வழி. போட்டோவைப் பார்த்ததும் எனக்கு முத்தாலம்மன் ஞாபகம்தான் வந்தது.

அந்த யோசனையில்தான் போன மாதம் சின்னமனூர் பக்கம் நடந்த பயிற்சியில் ஆளுக்கு ஒரு உருண்டை களிமண் கொடுத்தோம். "உங்க சின்ன வயசுல இருந்து, இப்ப ஊர்ல இல்லாத ஒண்ணைச் செய்யுங்க" என்றேன். வழக்கமாக "காலநிலை மாற்றம் பற்றிக் கருத்துச் சொல்லுங்கள்" என்று கேட்டால் எல்லோரும் என் முகத்தையே பார்ப்பார்கள். கையில் மண் வந்ததும் அந்த இடமே சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. ஒருத்தர் கமலைக் கிணறு, ஒருத்தர் விரால் மீன், ஒருத்தர் சோளக்கதிர். கூட்டத்தில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வாயே திறக்காத ஒரு அக்கா, உருண்டையை ரொட்டி மாதிரி தட்டையாத் தட்டி வச்சிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாங்க. "என்னக்கா இது, ஒண்ணும் செய்யலையா?"ன்னு கேட்டேன். "இதுதாம்மா எங்க ஊர்க் கம்மா"ன்னாங்க.

தூர்ந்து தட்டையாகிப் போன கண்மாய். பிறகு அவரே அதன் நடுவில் கட்டை விரலால் அழுத்திக் குழி போட்டு, "முன்னாடி இப்படி இருந்துச்சு" என்றார். ஒரு பட்டதாரி ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது. காற்று சூடானால் அதிக ஈரத்தைத் தாங்கும். ஒரு டிகிரி கூடினால் சுமார் 7 சதவீதம் அதிகம். அந்த ஈரம் சேர்ந்து ஒரே நாளில் கொட்டும், அப்புறம் பல நாள் காயும். கொட்டுகிற நாளில் பிடித்து வைக்க ஆழமான கண்மாய் வேண்டும். தட்டை ரொட்டியில் தண்ணீர் நிற்காது.

சரி, தொழிலுக்கு வருவோம். களிமண் பிள்ளையாரில் கஷ்டம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். காய்ந்த மண்ணை இடித்துச் சலித்து, இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, மிதித்து, கொஞ்சம் நைஸ் மணலும் தேங்காய் நாரும் சேர்த்துப் பிசைய வேண்டும். ஒரு சாணுக்கு மேலே போனால் முதுகுப் பக்கம் குடைந்துவிடுங்கள். இல்லையென்றால் வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக இருந்து வெடிக்கும். நமக்குப் பெரிய எதிரி ஆடிக் காற்றுதான். ஆண்டிபட்டிப் பக்கம் காத்தாடியைச் சுத்துற அதே காத்து, ராத்திரியோடு ராத்திரியா சிலையை விரிசல் விட வச்சிரும். திறந்த திண்ணையில் வைக்காமல், உள்ளே நிழலில் ஈரச் சாக்குப் போட்டு மூடி மெதுவாகக் காய விடணும். சூளையில் சுடக் கூடாது. சுட்டால் கரையாது.

நிறத்துக்கு மஞ்சள், காவி, சுண்ணாம்பு, கரி போதும். கண்ணுக்குக் குன்றிமணி வைப்பது நம்ம பழைய வழக்கம். ஆனால் அதைக் கடித்து விழுங்கினால் விஷம், கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குக் கொடுக்கும்போது சொல்லிக் கொடுங்கள். உள்ளே விதை வைப்பதாக இருந்தால் கடைசியில், சிலை காய்ந்த பிறகு அடியில் குழி விட்டு வையுங்கள். ஒரு குழுவில் ஈர மண்ணிலேயே கீரை விதையைப் போட்டுவிட்டார்கள். சதுர்த்திக்கு முன்னாடியே பிள்ளையார் காதில் கீரை முளைத்துவிட்டது!

கையால் செய்தால் வேகம் வராது என்பது நியாயமான கேள்வி. அச்சு வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் மர அச்சில் மண்ணை அமுக்கி, நம்ம கண் முன்னாலேயே பிள்ளையாரை எடுத்துத் தருகிறார்களே, அந்த அச்சுதான். பிசகு அச்சில் இல்லை, மாவில்தான்.

இன்னொன்று. இது வேளார் குடும்பங்களின் தொழில். நாம் கடன் வாங்கிக்கொண்டு போய் அவர்கள் பிழைப்பில் கை வைக்கக் கூடாது. நம்ம குழுக்களிலேயே வேளார் வீட்டு அக்காமார் இருக்கிறார்கள். பயிற்சி அவர்கள்தான் தர வேண்டும், அதற்குக் கூலியும் தர வேண்டும். அந்தக் கூலியைக் கடன் மனுவிலேயே ஒரு செலவாக எழுதச் சொல்கிறேன். "சும்மா சொல்லிக் கொடுங்க"ன்னு கேட்கிற பழக்கம் நம்மகிட்ட இருக்கு.

மண்ணுக்கு அனுமதி வேண்டும். 2024-ல் அரசு விதியை எளிதாக்கியிருக்கிறது. விவசாயிகளும் மண்பாண்டம் செய்வோரும் கண்மாய் மண் எடுக்க தாசில்தாரே அனுமதி தரலாம், மண்ணுக்குக் காசு இல்லை. இந்த அனுமதியைச் சொல்லிக்கொண்டு லாரி லாரியாக அள்ளுகிறவர்கள் வேறு. நம்ம கணக்கு கூடைக் கணக்கு. நாம் பத்துக் கூடை எடுத்தால் கண்மாய் ஆழமாகிவிடும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மண் கேட்டுப் போகிற அன்றைக்கே, கண்மாயைத் தூர்வாரச் சொல்லி கிராம சபையில் வைக்கிற மனுவையும் கையில் கொண்டு போகலாம். அந்த அக்காவின் தட்டைக் கண்மாயைக் காய வைத்து, இதோ இந்த மேசை மேலே வைத்திருக்கிறேன். கிராம சபைக்கு அதையும் எடுத்துட்டுப் போவோம்.

வெள்ளை மாவு என்று எழுதிய இரண்டு குழுவும் கோபப்பட வேண்டாம். மனுவைத் திரும்ப வாங்கி, மாவுக்குப் போட்ட தொகையில் மர அச்சும், சாக்கும், பயிற்சிக் கூலியும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். தொகை குறையத்தான் செய்யும். அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்குள் எழுதினால் இன்றைக்கே தீர்மானத்தில் ஏற்றலாம் என்று பொருளாளர் அக்கா சொல்லியிருக்கிறார். எழுதத் துணை வேண்டும் என்றால் நான் வாசல் பக்கம் உட்கார்ந்திருப்பேன்.